மாத்திரை டப்பா யார் கையில்?

வாசகர் கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், சேரன்மகாதேவி

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் வீட்டுக்காரருக்கு 54 வயது. ஒன்பது வருஷமாக சுகர். காலையிலும் ராத்திரியிலும் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரோடு கையில் கொடுப்பது நான்தான். நடக்கச் சொல்வது, டெஸ்டுக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான். போன வாரம் வண்டியைத் துடைக்கும்போது சீட்டுக்கு அடியில் நெய் ஊறிய அல்வாத் தாள் நாலைந்து கிடந்தது. கேட்டால், "உனக்கென்ன, உன் வேலையப் பாரு" என்கிறார். இனி நான் என்ன செய்ய?
ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தத் தாளைப் பார்த்ததும் உங்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மதினியும் இதே பாடு பட்டவர்.

என் அண்ணனுக்குப் பதினாறு வருஷமாக சுகர். காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரை, ராத்திரி ஒன்று என்று மதினி எடுத்து வைத்துவிடுவார். எந்த மாத்திரை எதற்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஒன்றும் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. மகள் பிரசவத்துக்கு மதினி கோயம்புத்தூர் போக வேண்டி வந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனார். மூன்று மாதம். அண்ணன் நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. போனில் கேட்டால், "போட்டுட்டேன், போட்டுட்டேன்."

அப்போது ஒரு சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் ஆற்றுக்குப் போய்ப் படித்துறையில் காலைத் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்தோம். தாமிரபரணியில் கால் நனைத்தவர்களுக்குத் தெரியும், இரண்டு நிமிஷத்தில் பொடிமீன் வந்து மொய்க்கும். நான் கூசிப்போய்க் காலை இழுத்து இழுத்து வைக்கிறேன். அண்ணன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். குனிந்து பார்த்தால், அவருடைய வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரே இடத்தில் ஏழெட்டு மீன் கூடிக் கொத்துகிறது. "அண்ணே, மீன் கடிக்கது தெரியலியா?" என்றேன். "எங்க?" என்றார். காலைத் தூக்கிப் பார்த்தேன். தோல் வெளுத்து ஊறியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. உடைமுள். எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ.

அந்த விரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டி வந்தது. சர்க்கரை வருஷக்கணக்கில் கூடியே இருந்தால், உடம்பிலேயே நீளமான நரம்புகள், அதாவது பாதம் வரைக்கும் போகிற நரம்புகள்தான் முதலில் கெடும். அப்புறம் முள் குத்தினாலும் சூடு பட்டாலும் வலி தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் லேசில் ஆறாது. மூன்று மாதத்தில் வந்த கேடு இல்லை இது. மதினி இன்றைக்கும், "நான் போகாம இருந்திருக்கலாம்" என்று அழுகிறார். முள் குத்தியது அண்ணன் காலில், குற்றம் மட்டும் மதினி தலையில். அதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே நான் சொல்வதைச் செய்யுங்கள். சண்டை இல்லாத ஒரு நேரமாகப் பார்த்து, மாத்திரை டப்பாவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த டப்பா கிடைக்கும். டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அவரே வாய்விட்டுப் படித்து, அவர் கையாலேயே நிரப்பட்டும். முதல் ஒரு மாதம் நீங்கள் சரிபாருங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றாலோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலோ டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும் என்பது அவருக்கே மனப்பாடமாக இருக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் நடக்கப் போவதும் கூடாது.

இன்னொன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு. துணை சுகாதார நிலையத்தில் 34 வருஷம் வேலை பார்த்தேன். "போன மாசம் உங்க சுகர் எவ்வளவு?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் நர்ஸம்மா, சீட்டுல இருக்கும் பாருங்க" என்பார்கள். எந்தப் போகத்தில் எந்த வயலில் எத்தனை கோட்டை நெல் கண்டது என்று பத்து வருஷத்துக் கணக்கை மூச்சுவிடாமல் சொல்லும் மனிதருக்குத் தன் ரத்தத்தின் கணக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் அந்த நோட்டில் தேதி, எடை, பிரஷர், சுகர் நான்கையும் தன் கையெழுத்தில் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

இனி வண்டி சீட்டைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த டெஸ்ட், எடுத்தால் போதும். ரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் அந்த எண் மாறாது. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். ஏற்கெனவே நோய் உள்ளவர்களை 7-க்குக் கீழே வைக்கத்தான் பெரும்பாலும் டாக்டர்கள் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டை அவரே வாங்கிப் பிரித்துப் படிக்கட்டும். டவுனில் நூறு கிராம் வாங்கித் தின்றதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் அந்தத் தாள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு எத்தனையோ வீடுகளுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், அதில் வேலை செய்யும் பெண்கள் வெயிலில் அலைவதை நேரில் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் கொடுத்த பட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் அடுக்கியிருப்பதையும் சில வீடுகளில் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

சமையல் மட்டும் உங்கள் கையில் இருப்பதால் அதைச் சொல்கிறேன். சோற்றைக் குறைத்து, அவியலோ கூட்டோ பொரியலோ தட்டில் பாதி இருக்கும்படி வையுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, வீட்டு விசேஷத்தோடு நிற்கட்டும்.

தங்கச்சி, கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்களுக்குக் கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். இரண்டு நோட்டாக வாங்குங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் உடன்குடி கருப்பட்டி போட்டுக் காபி குடித்தால் சுகர் ஏறாது என்கிறார்களே?
ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: ஏறும் அண்ணாச்சி. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, ருசியும் மணமும் அதற்கு ஈடில்லை. சுகர் இல்லாதவர்கள் அளவாகக் குடிக்கட்டும். உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் பீடி சுற்றுகிறேன். காலையில் உட்கார்ந்தால் கடைக்குக் கணக்குக் கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. 41 வயது. கழுத்தும் இடுப்பும் வலி, எடையும் கூடிவிட்டது. வாக்கிங் போ என்கிறார் டாக்டர். எனக்கு ஏது நேரம்?
ஒரு வாசகி, முக்கூடல் பக்கம்

பதில்: எனக்குக் கோபம் டாக்டர் மேல் இல்லை, உங்கள் மேலும் இல்லை. நாள் முழுக்கப் பீடி சுற்றி, சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து, துணி துவைக்கிற ஒருத்தியிடம், "உன் உடம்பு உன் பொறுப்பு" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், ஆணோ பெண்ணோ, ராத்திரிப் பாத்திரத்தை அவர்கள் கழுவட்டும். அந்த அரைமணி நேரத்தை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதுதான் உங்கள் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன்.

பகலுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்குக் கடிகாரம் வேண்டாம், பீடிக் கணக்கே போதும். நூறு பீடி ஆனதும் தட்டை மடியிலிருந்து இறக்கி வையுங்கள். எழுந்திருங்கள். முடிந்தால் கையைத் தரையில் ஊன்றாமல் எழுந்திருங்கள், அதுவே தொடைக்கு நல்ல பயிற்சி. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சோம்பல் முறியுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இருபது தடவை இறக்குங்கள். வாசல் வரைக்கும் நடந்து வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். மூன்று நிமிஷம் ஆகும். தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டுவிட்டு அசையாமல் இருந்தால் ஏறுகிற சர்க்கரை, இப்படி இடையிடையே எழுந்து நடந்தால் அவ்வளவு ஏறாது. ஆயிரம் பீடிக்குப் பத்துத் தடவை எழுந்தால் அரைமணி நேரம் கணக்காகிவிடும்.

உட்காரும்போது முதுகுக்குச் சுவர் வேண்டும். தட்டுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டால் கழுத்து அவ்வளவு குனியாது. காலை மாற்றி மாற்றி நீட்டிக்கொள்ளுங்கள். தூள் இருக்கிற அறையில் கைப்பிள்ளையைத் தூங்கப் போடாதீர்கள். சாப்பிடும் முன்னால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், புகையிலைச் சத்து தோல் வழியாகவே உள்ளே போகும். கை மரத்துப்போகிறது, விரல் பிடி தளர்கிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வயது 28. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஐம்பதுக்குள் சுகர் வந்துவிட்டது. குடும்ப வாகு என்றால் வருவது வரத்தானே செய்யும்? நீங்கள் உங்கள் உடம்புக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, குடும்ப வாகு உண்மைதான். ஆனால் சென்னையில் ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை வரும் தறுவாயில் இருந்தவர்களை மூன்று வருஷம் பார்த்தார்கள். சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரைமணி நேரம் நடந்தவர்களில் 39 பேருக்கு வந்தது. அந்த 39 பேரும் நடந்தவர்கள்தான், அதை மறைத்து நான் உங்களிடம் ஆசை காட்ட மாட்டேன். 55-க்கும் 39-க்கும் நடுவில் தப்பித்த 16 பேரில் நீங்கள் ஒருவராக இருக்கலாமே. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசல்படியில் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-ல் சொன்னது. படியில் நிற்பவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அதனால் நீங்கள் முப்பது வரை காத்திருக்காமல் இந்த வருஷமே வெறும் வயிற்றில் ஒரு டெஸ்ட் எடுங்கள். 100-க்குக் கீழே என்றால் நிம்மதி. 126-ஐத் தொட்டால் டாக்டர், நடுவில் இருந்தால் இப்போதே நடை.

என்னைக் கேட்டீர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஊரார் கையிலெல்லாம் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தவள், என் கையில் சுற்றிப் பார்த்ததில்லை. முகாமுக்கு வந்த சின்ன வயது டாக்டர் ஒருத்தி, "நீங்களும் உக்காருங்கம்மா" என்று பிடித்து உட்கார வைத்தாள். 158-க்கு 96. அப்போது எனக்கு 51 வயது. அன்று ராத்திரி வீட்டு அடுக்களையில் நின்று எண்ணினேன்: அப்பளம், நார்த்தங்காய், மோர்மிளகாய், கருவாடு. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான் உப்பு என்று ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தவள் நான்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள், கன்னடியன் கால்வாய்க் கரையில் காலை 35 நிமிஷம் நடக்கிறேன். கூட ஒருத்தி வருவாள், இரண்டு பேரும் பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. பத்தாயிரம் அடி என்கிறார்களே, அது 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. எட்டாவிட்டால் மனம் விட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும், அப்போது வீட்டுக்குள் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவேன், பத்துப் பத்தாக மூன்று தடவை. மற்ற மாதங்களிலும் வாரத்தில் இரண்டு நாள் இதை விடுவதில்லை. ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், அதை நிறுத்தவில்லை. போன வாரம் நோட்டில் எழுதியது 128-க்கு 80.

நீங்கள் முதலில் தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஓர் இஞ்சு டேப் வாங்குங்கள். சட்டையைக் கழற்றி, மூச்சை இயல்பாக விட்டு, விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. எவ்வளவு வந்தது என்று நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதிவிட்டு, எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.