இரண்டாம் பாகம்: எதிரிகளின் பலத்தைக் குறைக்க வேண்டாம்

உங்கள் வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில் புதியவர்களுக்காக எதிரிகளின் பலத்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; அதில் கை வைக்காதீர்கள். முதல் பாகம் ஆடாத சோதனையாளர்கள் அரை மணி நேரத்தில் விலகிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களை விரட்டுவது பெரும்பாலும் சண்டை அல்ல, சண்டையைச் சுற்றியுள்ள தொல்லைகள்.

ராட்சத மிருகங்களை வேட்டையாடும் ஆட்டமான, 2018இல் வந்த 'மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்'டைப் பாருங்கள். முந்தைய பாகங்களில் மருந்து குடிக்கும் வேட்டைக்காரர் நின்ற இடத்திலேயே நிற்பார்; குடித்து முடித்ததும் கைகளை முறுக்கிப் பெருமிதம் வேறு காட்டுவார். அதற்குள் மிருகம் வந்து இடித்துத் தள்ளிவிடும். வேர்ல்டில் நடந்தபடியே குடிக்கலாம். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது குறுக்கிட்டுக் காத்திருக்க வைத்த லோடிங் திரைகளும் போயின. மிருகங்கள் மட்டும் சாதுவாகிவிடவில்லை.

முதல் பாகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவரை ஆடச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பின்னால் நில்லுங்கள். (வாய் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.) எங்கே நிறுத்துகிறார்? மெனுவிலா, பழைய கதாபாத்திரங்களின் பெயர்கள் வந்து கொட்டும் உரையாடலிலா? தோற்ற பிறகும் மறுபடி முயல்கிறார் என்றால், கடினம் உங்கள் பிரச்சினையே அல்ல.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் தொல்லை என்று நீக்குவது பழைய ரசிகருக்கு ருசியாக இருக்கலாம். செத்த வீரர் திரும்ப வரமாட்டார் என்பது போன்ற விதி உங்கள் ஆட்டத்தில் இருந்தால் அதைத் தூக்கிவிடாதீர்கள். 'ஃபயர் எம்ப்ளம்: அவேக்கனிங்' ஆட்டம் செய்ததுபோல கிளாசிக் (செத்தவர் செத்தவர்தான்), கேஷுவல் (சண்டை முடிந்ததும் திரும்பி வருவார்) என்று தொடக்கத்திலேயே தேர்வாகக் கொடுங்கள்.