பதில்: பண்ருட்டி செம்மண்ணில் கன்று நிற்கவில்லை

வணக்கம். தானே புயலில் முந்திரி சாய்ந்த 2 ஏக்கரில் காடு வளர்க்கப் பார்க்கிறீர்கள், பங்குனியில் நட்ட கன்றுகள் இரண்டு வருடமும் கருகிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

முதல் தவறு மாதம்தான். நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த ஈரத்தில் நட்டால்தான் கோடைக்குள் வேர் ஆழம் போகும். நடுவதற்கு முன்பே வரப்பு போட்டு மழைநீரை நிலத்திலேயே நிறுத்துங்கள். 1968க்குப் பிறகு புதுச்சேரி பக்கத்து ஆரோவில்லில் பொட்டலாகக் கிடந்த செம்மண்ணை மீட்டவர்களும் மண் அரிப்பைத் தடுக்க வரப்புதான் போட்டார்கள்.

அப்புறம், எந்த மரம்? வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேலமரம் மட்டும் வேண்டாம். நிழலுக்கு உதவும், உண்மைதான். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே அடித்தபோது ஆரோவில்லில் அந்த மரங்கள்தான் ஏராளமாகச் சாய்ந்தன. நம் கடற்கரைக்கே உரியது உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசான், கருங்காலி, உலக்கைப்பாலை எல்லாம் அதன் மரங்கள். மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். தடித்த இலை என்பதால் வறட்சியைத் தாங்கும். ஒரே இனமாக வைக்காமல் கலந்து நடுங்கள். ஒரு பூச்சியோ ஒரு வறட்சியோ வந்தாலும் மொத்தமும் போகாது.

இந்த வகைக் காடு எப்படி இருக்கும் என்று புதுச்சேரி பக்கத்துப் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எந்த மரத்தடியில் எது முளைக்கிறது என்று அங்கேயே தெரியும். பையில் வேர் சுருண்ட பெரிய கன்றை வாங்காதீர்கள், சின்னக் கன்றே போதும். கன்றின் அடியில் மண்ணைச் சருகால் மூடும் மூடாக்கு கட்டாயம்.

கிணற்றில் சித்திரையில் தண்ணீர் இருக்குமா? அதைச் சொன்னால் எத்தனை கன்று வைக்கலாம் என்று கணக்குப் பார்க்கலாம்.