வாசகர் கேள்வி – பதில்: ஸ்பானியல் நாயின் மூக்குக்கும் வேலை வேண்டும்

கேள்வி: எங்கள் இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியலுக்கு ஒன்றரை வயதாகிறது. காலையில் நெடுநேரம் ஓடவிட்டுக் கூட்டி வந்தாலும் வீட்டில் ஓயாமல் சுற்றுகிறது. செருப்பு, தலையணை என எதையாவது கவ்விக்கொண்டே திரிகிறது. வெளியே பறவையைக் கண்டுவிட்டால் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் வளர்க்கும் முறையில் குறை இருக்கிறதா?

பதில்: வளர்ப்பிலும் குறை இல்லை, நாயிடமும் இல்லை. துப்பாக்கி ஏந்தியவருக்கு முன்னால் இடமும் வலமுமாகப் புதர்களை அலசிச் சென்று, பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தால் கண்டறிந்து கிளப்பிவிடுவதும், அது சுடப்பட்டு விழுந்த பின் பல் பதியாமல் கவ்விக் கொண்டுவந்து கொடுப்பதுமே இந்த இனத்தின் தொழில். தலையணையைக் கவ்விவருவதும் அந்தத் தொழிலைச் சேர்ந்ததுதான். துரத்திப் பிடுங்கினால், அடுத்த முறை கவ்வியதும் ஓடி ஒளியக் கற்றுக்கொள்ளும். ஆகவே அருகில் அழைத்து, தின்பண்டம் ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ஸ்பிரிங்கருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேர நடமாட்டம் தேவை என்பது உண்மை. ஆனால் ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் உடல் மேலும் வலுவடைந்து, நாய் இன்னும் அதிக ஓட்டத்தையே கேட்கும். அந்த நேரத்தில் ஒரு பகுதியை மூக்குக்கு ஒதுக்குங்கள். நாயை உட்காரவைத்துவிட்டு, அது பார்க்காதபோது ஒரு பந்தைப் புதரோரத்தில் மறைத்து, காற்று அதன் முகத்துக்கு எதிராக வீசும்படியான திசையிலிருந்து தேட அனுப்புங்கள். வளைந்து வளைந்து செல்லும் நாய், வாசனை எட்டிய நொடியில் சட்டென்று தலையைத் திருப்புவதையும், அதன் வாலாட்டம் வேகமெடுப்பதையும் காண்பீர்கள். அரை மணி நேரம் இப்படித் தேடிய நாய் வீடு திரும்பியதும் தானாகவே படுத்துவிடும். பந்தை ஓயாமல் எறிந்து எடுத்துவரச் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. திடீரென நின்று திரும்புவதால் மூட்டுகள் தேய்வதோடு, நாயின் பரபரப்பும் கூடுகிறதே தவிர அடங்குவதில்லை.

அழைத்தால் வருவதற்கு விசில் பழக்குங்கள். முதலில் வீட்டுக்குள் உணவு வைக்கும்போது ஊதுங்கள்; பிறகு ஹார்னஸில் (மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டையில்) 10 மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டி வெட்டவெளியில் பழக்குங்கள். பழக்கம் உறுதிப்படும்வரை, வராது என்று தெரிந்த நேரத்தில் விசிலை ஊதவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் காக்கர் ஸ்பானியலின் காதில் அடிக்கடி துர்நாற்றம் வருகிறது. நீரில் இறங்கி விளையாடிய பிறகு இது அதிகமாகிறது.

பதில்: தொங்கும் கனத்த காது, உள்ளே அடர்ந்த முடி, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுவதில் வியப்பில்லை. நீரிலிருந்து வந்ததும் காது மடலைத் தூக்கி உட்புறத்தைத் துடைத்து உலரவிடுங்கள். காதடியில் உள்ள முடியைக் குட்டையாகக் கத்தரித்தால் காற்றோட்டம் கிடைக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடாதீர்கள். அழுக்கை அது ஆழத்துக்குத் தள்ளிவிடும். பழைய சொட்டு மருந்தை நீங்களாகவே மீண்டும் விடுவதும் கூடாது, ஏனெனில் செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பாதிக்கும். அடிக்கடி வருகிறது என்றால் ஒவ்வாமை காரணமாக இருக்கலாம். அதையும் மருத்துவர் சோதிக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். புல்வெளியில் திரிந்துவிட்டு வந்த நாய் திடீரென்று தலையை உதறி, ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கூர்முனையுள்ள புல் விதைகளின் சுணைகள் பின்னோக்கி வழுக்க விடாததால், அவை முன்னோக்கி மட்டுமே நகரும். காதுக்குள் ஆழமாகவும், விரலிடுக்கில் தோலைத் துளைத்தும் நுழைந்துவிடும். உலா முடிந்து திரும்பியதும் விரலிடுக்கு, அக்குள், காதடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் முடி முழுவதையும் மழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மழித்த முடி மீண்டும் வளரும்போது பஞ்சுபோல் மாறி எளிதில் சிக்குப் பிடிக்கும். உதிரும் முடியைச் சீவி எடுத்து, பாதத்திலும் வயிற்றடியிலும் மட்டும் கத்தரித்தால் போதும்.

கேள்வி: ஸ்பிரிங்கர் குட்டி வாங்க விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கண்காட்சிக்கென வளர்க்கப்படும் வழி, வேட்டைக்கென வளர்க்கப்படும் வழி என இந்த இனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, வேட்டை வழிக் குட்டிக்கு வேலையும் பயிற்சியும் கூடுதலாகத் தேவைப்படும். தாய், தந்தை இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனைச் சான்றுகளைக் கேட்டுப் பாருங்கள். பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோய், கடும் ஓட்டத்துக்குப் பின் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கருக்கும் பிஎஃப்கே நொதிக் குறைபாடு, நரம்புகளைச் சிதைத்து உயிரைப் பறிக்கும் ஃபியூகோசிடோசிஸ் ஆகியவற்றுக்குப் பரிசோதனைகள் உள்ளன. இவை பெற்றோர் இருபுறமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும் என்பதால், பெற்றோரில் ஒன்றாவது அந்தக் குறை இல்லாததாக இருக்க வேண்டும். இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே மதிப்பீட்டையும் கேளுங்கள். சான்றுகளைக் காட்டத் தயங்குபவரிடமோ, தாய் நாயைக் கண்ணில் காட்டாதவரிடமோ வாங்காதீர்கள்.