என்2 போதுமா என்று கேட்ட தம்பிக்கு

ஏப்ரலில் டோக்கியோவுக்கு வேலைக்கு வருகிறீர்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 (ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) பாஸ் செய்தால் போதுமா, "மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் கிட்ட சேர்க்க மாட்டார்கள்" என்கிறார்களே, நிஜமா என்று கேட்டிருந்தீர்கள். டோக்கியோவில் எதோகாவா பக்கம் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்2 இருந்தால் இன்டர்வியூவில் தாக்குப்பிடிக்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அது செல்லாது.

நான் வந்த இரண்டாம் மாதம் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே அட்டையில் செருகிய சில காகிதங்கள். ஏதோ விளம்பரம் என்று செருப்பு அலமாரி மேல் போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து அந்தப் பாட்டி வந்தார். மழையைப் பற்றிப் பேசினார், என் பையனை விசாரித்தார், கிளம்பும்போது போகிற போக்கில் "கைரான்பான் வந்ததோ?" என்றார். அது தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை. படித்துவிட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். என்னால் மீதி வீடுகளுக்கு அது போகவே இல்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால்தான் கூடுதல் வெட்கம்.

அந்த வெட்கத்தில்தான் ரொனால்ட் டோரைத் தேடிப் படித்தேன். 1925இல் பிறந்த ஆங்கிலேய சமூகவியலாளர். உலகப்போர்க் காலத்தில் லண்டனில் ஜப்பானிய மொழி கற்றவர். 1951இல் டோக்கியோவில் சுமார் 300 குடும்பங்கள் வாழ்ந்த ஒரு பேட்டையைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வசதி, குடும்ப உறவு, சாமி கும்பிடுவது, அண்டை அயல் என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். 1958இல் வந்த புத்தகத்தில் அந்தப் பேட்டைக்கு 'ஷிதயாமா-சோ' என்று புனைபெயர் வைத்தார். அமெரிக்க மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட் ஜப்பான் மண்ணை மிதிக்காமலேயே 1946இல் ஜப்பானியர் மனத்தைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதினார். அதைத்தான் எல்லோரும் உங்களுக்குச் சிபாரிசு செய்வார்கள். நான் டோர் பக்கம்.

இன்னொன்று. பட்டமும் சான்றிதழும் படிப்பையே எப்படி விழுங்குகின்றன என்று 1976இல் டோர் ஒரு நூல் எழுதினார், ஜப்பானோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டு. என்2 பற்றிக் கேட்டீர்களே, அதனால் சொன்னேன்.

அவ்வளவு பிரியம் வைத்தவர் கடைசியில் ஜப்பான்மீது மனம் கசந்தார். கம்பெனிகள் ஆட்களைவிடப் பங்குதாரர்களைப் பெரிதாக நினைக்கத் தொடங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. 2014இல் ஜப்பானிய மொழியில் வந்த அவர் நூலின் தலைப்பே 'ஏமாற்றம்' என்ற பொருள் தருவதுதான். 2018இல், 93 வயதில் காலமானார். உங்களுக்கும் ஐந்தாறு வருடத்தில் ஒரு கசப்பு வரும். வந்தால் பயப்படாதீர்கள், ஊரைப் பிடித்துப்போனவர்களுக்குத்தான் அது வரும்.

கிட்ட சேர்ப்பார்களா என்றால், சேர்ப்பார்கள், ஒரு வேலையைத் தலையில் கட்டி. எனக்கு மூன்றாம் வருடம் குப்பை போடும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை வந்தது. காலையில் காக்கை கிளறாமல் வலை போர்த்த வேண்டும், வண்டி போனதும் கூட்டிக் கழுவ வேண்டும். அந்த வாரம்தான் பாட்டி முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோட்டத்துக் கத்தரிக்காய் நாலு கொடுத்தார்.

குடிவந்ததும் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீடுகளுக்கும் சின்னதாக ஏதாவது கொடுத்து வணக்கம் சொல்லுங்கள். அதற்காக ஊரிலிருந்து மைசூர்பாகு சுமக்க வேண்டாம், அந்தத் தித்திப்பு இவர்களுக்குத் தாங்காது. கைத்துண்டு போதும், இங்கேயே கிடைக்கும்.