எம்.ஏ. பொருளாதாரம் முடித்தவர் கல்லூரி வேலைக்குப் போவதா, கொள்கை ஆய்வுக்குப் போவதா?

கேள்வி கேட்டவர் தேவகோட்டைப் பக்கம் என்று போட்டிருக்கிறார். எம்.ஏ. கடைசி வருடம். நெட் எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாமா, சென்னை, டெல்லி என்று போய் ஆய்வு நிறுவனத்தில் சேரலாமா என்று குழப்பம். வீட்டில் பேசாமல் பி.எட். முடி என்கிறார்களாம். ஏற்கெனவே பதில் எழுதிய ஒருவர், "வேறு எதுவும் கிடைக்காதவர்கள்தான் கல்லூரிக்குப் போவார்கள், மூளை உள்ளவர்கள் ஆய்வுக்குப் போவார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு வேறு வேலை பார்த்திருப்பேன்.

நான் காரைக்குடிக்காரன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 1990இல் சேர்ந்து 2021இல் ஓய்வு பெற்றேன். பெரிய பொருளாதார அறிஞர் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. நடுவில் நான்கைந்து ஆய்வுத் திட்டங்களில் வேலை பார்த்ததால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். "உங்கள் காலத்தில் வேலை சும்மா கிடைத்தது" என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் ஆறு வருடம் நான் தற்காலிகம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது.

பாடம் நடத்துவது வேறு, கொள்கை ஆய்வு வேறு என்று யார் பிரித்தது என்றே எனக்குப் புரியவில்லை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அடுத்த வருடமே மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்கு அவரவர் ஊருக்குப் போகும்போது கணக்கெடுத்து வரச் சொன்னார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு மாதிரி ஊர்களுக்கு அதன் பிறகு பல தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். எல்லாம் ஒரு வாத்தியார் கொடுத்த விடுமுறை வேலையில் தொடங்கியது. 1971இல் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய மால்கம் ஆதிசேஷையாவும் யுனெஸ்கோவுக்குப் போகும் முன் கல்லூரியில் பாடம் நடத்தியவர்தான். பிறகு அதற்கு இயக்குநராக வந்த சி.டி. குரியன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வெகுகாலம் பேராசிரியர். இவர்களுக்கெல்லாம் மூளை இல்லையா?

என் கதைக்கு வருகிறேன். எனக்கு முதல் பொருளாதார வாத்தியார் எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா. பர்மாவில் ஐராவதி டெல்டாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாள் வரைக்கும் வந்தவர். கடை அவருடையது இல்லை, சம்பளத்துக்குத்தான். 1942இல் அரக்கான் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். செட்டியார் என்றாலே ஆயிரம் ஜன்னல் வீடு, பர்மாத் தேக்கு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு பெரிய வீட்டில் இரண்டு அறைப் பங்கு இருந்தது. ஐயா வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்துப் பக்கம், உட்கார்ந்து எனக்கு ஐந்தொகை (வரவுசெலவை நேர்செய்யும் கணக்கு) போடச் சொல்லிக் கொடுப்பார். வரவும் பற்றும் நேராகவில்லை என்றால் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியாது. "ஒரு அணா எங்கேன்னு கண்டுபிடிடா, அந்த அணாவுலதான் சங்கதி இருக்கு" என்பார்.

பின்னாளில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை வைத்து நான் முப்பது வருடம் வகுப்பை ஓட்டியிருக்கிறேன். ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதம் ஒருமுறை கூடி, அந்த மாதத்து நடப்பு வட்டி எவ்வளவு என்று பேசி முடிவு செய்வார்கள். நெல் அறுவடை சமயம் பணம் முடை, வட்டி ஏறும். அறுவடை முடிந்து பணம் திரும்பினால் இறங்கும். 2016இல் வட்டி விகிதத்தை முடிவு செய்ய ரிசர்வ் வங்கிக்கு ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு வந்தபோது, புத்தகத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன், பையன்கள் கொட்டாவி விட்டார்கள். முகல் தெருக் கோயிலைச் சொன்னேன், நிமிர்ந்தார்கள். தேனீர்க் கடையில் சீட்டுப் பிடிக்கிற பையன் ஒருவன், "சார், எங்க ஏலச்சீட்டுல தள்ளு ஏறுறதும் இதே கணக்குதானே?" என்றான். அதே கணக்கு இல்லை, ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு மணி நேரம் போனது. இதற்கெல்லாம் எந்தப் படிவத்திலும் மதிப்பெண் கிடையாது.

ஐயாவைப் பெருமையாகப் பேசுவதால் சாதிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938 வாக்கில் அது 25 விழுக்காடு. முப்பதுகளின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவனால் கட்ட முடியவில்லை, ஈட்டு நிலம் கைமாறியது. நிலத்தை வாங்கிப் போடத்தான் போனார்கள் என்பதும் பொய், பர்மாக்காரன் வயிறு எரிந்தது நியாயமில்லை என்பதும் பொய். சென்னையில் என் முதல் கருத்தரங்கில் இதைச் சொன்னபோது ஒருவர் சிரித்துக்கொண்டே, "வட்டிக்காரர் பேரன் வேறென்ன சொல்வார்" என்றார். 1993இல் கேட்டது. இன்னும் மறக்கவில்லை.

ஐயாவின் பேரேடுகளைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். 2014இல் எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவதாகப் பங்காளிகள் முடிவு செய்து, இரண்டாம் கட்டில் இருந்த அறையை ஒழித்தார்கள். தேக்குப் பெட்டியைப் பழம்பொருள் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்த கணக்கு நோட்டுகளை யாரும் கேட்கவில்லை, எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் கல்லூரியில் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். சாயங்காலம் தெரிந்து பழைய பேப்பர்காரரைத் தேடி ஓடினேன், மூன்று கிடைத்தன. ஒன்றில் கரையான். பொருளாதாரப் பேராசிரியர் இருக்கிற வீடு! ஆத்தங்குடிக் கல் நிறம் மங்கினால் கூட்டம் போடுகிறார்கள், இதற்கு ஒரு போன் போடவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான்.

சரி, கொள்கை ஆய்வு. நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக வந்தபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள், அதில் சிவகங்கையும் ஒன்று. அடுத்த வருடம் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனம் களப்பணிக்கு ஆள் கேட்டது. எம்.ஏ. மாணவர்கள் எட்டுப் பேரோடு நான் போனேன். 14 பக்கக் கேள்வித்தாள். வயது, சாதி, நிலம், கடன், ரேஷன் அட்டை, எல்லாம் இருந்தது. கூலிக்கு ஒரு கட்டம்: "ஒரு நாளைக்குப் பெற்ற கூலி". அப்போது அறிவித்த கூலி 80 ரூபாய்.

காளையார்கோவில் பக்கம் ஒரு கண்மாய். காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. கரையோரக் கருவேல நிழலில் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. வேலையில் இருந்தது கிட்டத்தட்ட எல்லாம் பெண்கள். அறுபது வயது இருக்கும் ஓர் ஆயா, என் மாணவி கூலி எவ்வளவு என்று கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "கூலி எவ்வளவுன்னு கேட்டா நான் என்னத்தா சொல்றது? போன வாரம் அந்தக் கண்மாயில எம்பது வந்துச்சு. இங்க அறுவத்திரண்டு. மண்ணைப் பாரு" என்றார். அவள் குனிந்து பார்த்தாள். மேலே அரை அடி வண்டல், அதற்குக் கீழே செம்புரான் கல். கடப்பாரை போட்டால் நெருப்பு வரும்போல இருந்தது. குழுவாக வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழத்தை டேப் வைத்து அளந்துதான் கூலி. எனவே மண் எதுவோ அதுதான் கூலி. 14 பக்கத்தில் மண்ணுக்குக் கட்டம் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண்ணே கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு 'மண்' என்று எழுதினாள். மீதி ஐந்து கண்மாயிலும் எழுதினோம். வண்டல், சரளை, செம்புரான். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தார்கள். ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் போட்டால் வித்தியாசம் கண்ணில் அறைந்தது. சோம்பேறித்தனம், மரத்தடியில் உட்கார்ந்து பொழுது போக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசியதற்குப் பாதி விடை அந்தப் பென்சில் கோட்டில் இருந்தது.

அறிக்கையில் அது வரவில்லை. ஆறு கண்மாயை வைத்து முடிவு சொல்ல முடியாது, மாதிரி சிறியது என்றார்கள். புள்ளியியல்படி அவர்கள் சொன்னது சரி, வகுப்பில் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதே ஆறு கண்மாயையும் சேர்த்துப் போட்ட சராசரிக் கூலி மட்டும் அட்டவணையில் ஜம்மென்று அச்சானது. அந்த அணாவைத் தேடுவதற்குத் திட்டத்தில் நாள் இல்லை. மார்ச் மாதத்துக்குள் பணத்தைச் செலவு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். கொள்கை ஆய்வில் நீங்கள் முதலில் பழக வேண்டியது இந்த மார்ச்சுக்குத்தான். வேலை ஒப்பந்தமே ஆறு மாதம், பதினொரு மாதம் என்று இருக்கும். கேள்வி உங்களுடையதாக இருக்காது, பணம் கொடுப்பவருடையதாக இருக்கும். எண்களும் எப்போதும் கைக்கு வராது. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வெளியிடுவதில்லை என்று 2019இல் அரசே முடிவு செய்ததும், 2021இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காமல் போனதும் தெரிந்ததுதான். அரசியல் பேசவில்லை, தொழில் சங்கடத்தைச் சொல்கிறேன்.

கல்லூரியில் வேறு சங்கடம். எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு என்று புள்ளி சேர்க்கிற முறை வந்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற இதழ்கள் முளைத்தன. நானும் ஒன்றில் போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பதவி உயர்வு நின்றுபோயிருந்தது. நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறைகள் ஓடுவதையும் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஆனால் அந்தப் பென்சில் கோடு எனக்குக் கல்லூரியில்தான் உதவியது. ஒவ்வொரு வருடமும் ஆய்வு முறையியல் தாளில் மாணவர்களைக் கண்மாய்க்குக் கூட்டிப் போனேன். கோடு போட்ட பெண் இப்போது கிராம நிர்வாக அலுவலர். அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கில்) ஏதாவது இடித்தால் இன்னும் போன் பண்ணுகிறாள்.

உங்களுக்கு: நெட்டோடு ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகைக்கும் குறி வையுங்கள், அது இருந்தால் கைக்காசு போடாமல் முனைவர் பட்டம் முடிக்கலாம், இரண்டு கதவும் திறந்திருக்கும். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வையும், ரிசர்வ் வங்கியின் பொருளாதாரத் துறைக்கான தேர்வையும் நம் ஊர்ப் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். கணிதமும் ஒரு புள்ளியியல் மென்பொருளும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவைப் பிரித்து மேயத் தெரியாமல் ஆய்வு நிறுவன வாசலில் நிற்க முடியாது. அதற்கு முன்னால், உங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு நாள் போய் வாருங்கள்.

பி.எட். பற்றி. என் வீட்டுக்காரி மேல்நிலைப் பள்ளியில் பொருளாதார ஆசிரியை. நான் தற்காலிகமாக இருந்த ஆறு வருடமும் அரிசி, பருப்பு அவள் சம்பளம். 2001இல் என் ஆய்வேட்டுக்கு டைப்பிங், பைண்டிங், ஐந்து பிரதி, மதுரைக்கு நாலு தடவை பஸ் எல்லாம் அவள் கொடுத்த காசு. அதற்கு அவள் வைத்த கணக்கு நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, எடைக்குப் போகவில்லை. வீட்டில் பி.எட். படி என்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள், தம்பி.