துருவை எங்கே வைப்பது?

வணக்கம் சார்,

கல்லூரி நாடகத்துக்காக ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் நுரைத் தகட்டில் மார்புக் கவசமும் தோள் கவசங்களும் செய்துகொண்டிருக்கிறேன். வெட்டி ஒட்டும்வரை நன்றாகத்தான் வந்தது. வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்ததும் அலுமினியத் தாள் சுற்றியது மாதிரி ஆகிவிட்டது. போரில் அடிபட்ட பழைய கவசமாகத் தெரியட்டும் என்று ஆங்காங்கே பழுப்பு பெயிண்டை ஒற்றினேன். இப்போது சேறு தெறித்த மாதிரி இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யட்டுமா? கடைசியில் வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் மேட்டா, பளபளப்பா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தூக்கிப் போட வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டு சுத்தமாக இருக்கிறது, தோள் வளைவும் அருமை. கோளாறு நிறத்தில் மட்டும்தான். அதைக் கறுப்பால் மூடிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

வெள்ளி பெயிண்டில் மினுங்குவது பெரும்பாலும் பொடிப்பொடியான அலுமினியச் செதில்கள். அவை ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடப்பதால் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. மெருகேற்றிய எஃகோ எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். அதனால்தான் புத்தம் புதுக் கவசத்தை டப்பா பெயிண்டால் கொண்டுவருவது கஷ்டம். தேய்ந்த கவசம் சுலபம். அதில் பெரும்பகுதி இருட்டு, சில இடங்களில்தான் மினுக்கு. நீங்கள் வெள்ளியில் ஆரம்பித்து அழுக்கைச் சேர்த்தீர்கள். கறுப்பில் ஆரம்பித்து வெள்ளியைச் சேருங்கள்.

இடது தோள் கவசத்துக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை போலிருக்கிறது. நல்லதாகப் போயிற்று. வாள்வெட்டுத் தழும்புகளை அதில் வையுங்கள். கூரான கத்தியால் ஃபோமில் மேலோட்டமாக ஒரு கோடு கீறி, அதன்மேல் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் கீறல் தானாகவே வாய் திறக்கும். பெயிண்டால் வரைந்த எந்தக் கீறலும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. அந்தத் துண்டின் மற்ற இடங்களிலும் சூடு காட்டுங்கள். மேற்பரப்பு மங்கலிலிருந்து லேசான பளபளப்புக்கு மாறும் கணத்தில் கையை நகர்த்திவிட வேண்டும். நுண்துளைகள் மூடிக்கொள்ளும், பெயிண்டை உறிஞ்சாது. அப்புறம் வளைந்தாலும் வெடிக்காத பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, ஏதாவது அடியுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மூன்று நான்கு முறை மெல்லிசாகப் பூசினாலும் போதும். ஏற்கனவே பெயிண்ட் அடித்த பகுதிகளில் ஹீட் கன் வேண்டாம், கொப்புளம் கிளம்பும்.

எல்லாத் துண்டுகளுக்கும் கறுப்பு அக்ரிலிக், மெல்லிசாக இரண்டு பூச்சு. அது நன்றாகக் காய்ந்தபின் உலர்ந்த தட்டைப் பிரஷ்ஷில் வெள்ளியைத் துளி தொட்டு, பழைய துணியில் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிரஷ்ஷில் ஒன்றுமே இல்லை என்று தோன்ற வேண்டும். அந்தப் பிரஷ்ஷை விளிம்புகளின் குறுக்கே லேசாக வீசுங்கள். மேடான இடங்கள் மட்டும் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். முதல் ஐந்து நிமிடம் எதுவுமே நடக்காதது போலிருக்கும். அவசரப்பட்டு பெயிண்டைக் கூட்டினால் மறுபடி அலுமினியத் தாள்தான்.

எந்த இடங்களில் வீசுவது? கவசத்தைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்து, குனிந்து, கையை வீசிப் பாருங்கள். கை விலாவில் உரசும் இடம், தோள் கவசம் மார்பில் இடிக்கும் ஓரம், மார்பின் மேடு, ஆணித் தலைகள். உரசல் படும் இடங்கள் மினுங்கும், படாத இடங்கள் மங்கும்.

அடுத்தது அழுக்கு. கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தண்ணீராக இளக்கி, ஒவ்வொரு பகுதியாகப் பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மூலைகளிலும் ஆணிகளைச் சுற்றியும் மிச்சம் தங்கும். மழைநீர் வழியும் திசையிலேயே தாரைகளும் விழும்.

துரு விஷயத்தில்தான் எல்லோரும் அத்துமீறுகிறார்கள். கவசம் போர்வீரனின் உயிர் சமாச்சாரம். அவன் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பான். சங்கிலிக் கவசத்தை மணல் நிரப்பிய பீப்பாயில் உருட்டித் துரு நீக்கியிருக்கிறார்கள். மார்பு நடுவில் கையளவு துரு இருந்தால் அது மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கவசம். உங்கள் பாத்திரம் புதைகுழியிலிருந்து எழுந்து வருகிறானா என்ன? அவன் துணி எட்டாத இடங்களில் மட்டும் துருவை வையுங்கள்: வாரின் அடிப்பக்கம், ஆணியின் கீழ்விளிம்பு, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சந்து. பிய்த்தெடுத்த ஸ்பாஞ்ச் துண்டால் முதலில் அடர்பழுப்பு, அதற்குள் சிறியதாகச் செம்பழுப்பு, ஊசிமுனையளவு ஆரஞ்சு. சொரசொரப்பு வேண்டுமானால் பெயிண்டில் சமையல் சோடா ஒரு சிட்டிகை.

பித்தளை, வெண்கல அலங்காரம் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் அதற்குத் துரு பூசிவிடாதீர்கள். அங்கே பச்சைக் களிம்புதான், அதுவும் பள்ளங்களில் மட்டும். தங்க நிறத்துக்கு அடியில் கறுப்பைவிட அடர்பழுப்பு நன்றாக இருக்கும்.

வார்னிஷ் கேட்டிருந்தீர்கள். முழு மேட் அடித்தால் இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த மினுக்கு செத்துவிடும். முழுப் பளபளப்பு பிளாஸ்டிக்காகக் காட்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சாட்டின் வாங்குங்கள். அது காய்ந்தபின் விளிம்புகளில் மட்டும் இன்னொரு முறை வெள்ளி வீசினால் மேடை விளக்கில் எடுப்பாகத் தெரியும். ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் திறந்தவெளியில், மாஸ்க் போட்டுக்கொண்டு. கவசத்தில் எங்காவது தெர்மாகோல் வைத்திருந்தால் அதன்மேல் நேரடியாக அடிக்காதீர்கள், கரைந்து குழி விழும். நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பே வேலையை முடித்துவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த வார்னிஷ் கழுத்திலும் அக்குளிலும் ஒட்டிக்கொண்டு உரியும்.

அன்புடன்.