கரடியை எதிர்கொள்ள எந்தத் துப்பாக்கி? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ராமநகரா, துமகூரு பக்கம் கரடி நடமாட்டம் என்று செய்தி வந்தால் போதும், துப்பாக்கி சுடக் கற்றுத் தருபவன் என்பதால் எனக்குக் கேள்விகள் குவிந்துவிடும். பெரும்பாலானவை 'எதை வாங்குவது' என்றே தொடங்குகின்றன. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

வார இறுதிகளில் ராமநகராவின் பாறை மலைகளில் ஏறுகிறோம். நண்பரிடம் உரிமம் பெற்ற .32 ரிவால்வர் இருக்கிறது. எடுத்துச் செல்லலாமா? (அல்சூர்)

வேண்டாம். ராமநகராவில் உள்ள ராமதேவர பெட்டா மலை, பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம். தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. காவல்துறை கொடுத்த உரிமம் அங்கே உதவாது.

தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமல்ல என்று அதே சட்டத்தின் 11(2) பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் இச்சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அனுமதியின்றி ரிவால்வரோடு உள்ளே போனவர் அந்த வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறார். கரடி, அச்சட்டம் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதை வேட்டையாடிய குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

சட்டத்தை விடுங்கள், உயிருக்கு வருவோம். நம் கரடிக்குப் பார்வையும் செவியும் அவ்வளவு கூர்மையில்லை, எல்லாம் மூக்குதான். கறையான் புற்றைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பத்தடி தூரம் வரும்வரை அது கவனிக்காமல் இருக்கலாம். திடுக்கிட்டால் ஓடி ஒளிவதைவிடப் பாய்வதே அதன் இயல்பு. அந்தப் பத்தடியில் இடுப்பு உறையின் பொத்தானை அவிழ்க்கவே நேரம் போதாது. ஆகவே சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். விடியலுக்கு முன்னும் மாலை மங்கிய பின்னும் மலையில் இருக்காதீர்கள். பகலிலும் பாறை இடுக்குகளுக்குள் தலையை நுழைத்துப் பார்க்காதீர்கள், அது உறங்குமிடம் அதுதான்.

அலுவலக நண்பர்களோடு அலாஸ்காவில் முகாமிடப் போகிறோம். அங்கே போய்த் துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். 12 போர் ஷாட்கன்னா, .44 மேக்னம் கைத்துப்பாக்கியா? (ஒயிட்ஃபீல்டு)

சுற்றுலா விசாவில் செல்லும் நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர் வாடகைக்கு எடுத்து உங்கள் கையில் கொடுத்தாலும் சட்டம் உங்களைத்தான் கேட்கும்.

ஆயுதத்தைப் பற்றி மட்டும் கேட்டால், .300 மேக்னம் ரைஃபிள் அல்லது ஸ்லக் எனப்படும் ஒற்றைக் குண்டு போட்ட 12 போர் பொருத்தமானவை என்று அலாஸ்காவின் மீன், வேட்டைத் துறை சொல்கிறது. .44 மேக்னம் போன்ற கனத்த கைத்துப்பாக்கிகள் பழகாத கையில் போதாமல் போகலாம் என்றும் எச்சரிக்கிறது. என் கருத்தும் அதுவே. சிறு குண்டுகள் பல அடங்கிய ரவைத் தோட்டாவைப் பழுப்புக் கரடிக்கு நம்பவே நம்பாதீர்கள். தோலையும் கொழுப்பையும் தாண்டி எலும்பை உடைக்கும் ஊடுருவல் அதற்கு இல்லை.

கணக்கைப் பாருங்கள். பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 30 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டு விநாடி. அதற்குள் தோளிலிருந்து இறக்கி, பாதுகாப்புப் பூட்டை எடுத்து, குதித்துக் குதித்து வரும் தலையைக் குறிவைக்க வேண்டும். அட்டைப் பலகையில் நிதானமாகச் சுட்டுப் பழகிய என் மாணவர்களில் நல்ல கைக்காரர்களுக்கே இது எளிதல்ல.

அலாஸ்காவின் 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில் கைத்துப்பாக்கி 84 சதவீதமும் நீண்ட குழல் துப்பாக்கி 76 சதவீதமும் பலன் தந்தன. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களும் சுடாதவர்களும் ஒரே விகிதத்தில்தான் காயமடைந்திருந்தார்கள். 2008இல் வந்த இன்னொரு ஆய்வில், நெருக்கத்தில் கரடி ஸ்பிரே (கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) அடித்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். இரு ஆய்வுகளின் சம்பவங்களும் ஒரே வகையல்ல என்பதால் எண்களை அப்படியே எதிரெதிரே வைக்கக் கூடாது. இருந்தும், புதிதாகப் போகும் ஒருவருக்கு என் பரிந்துரை ஸ்பிரேதான்.

அதை விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி வாங்குங்கள். முதுகுப்பைக்குள் போட்டுவைத்தால் அது இல்லாததற்குச் சமம். மார்பிலோ இடுப்பிலோ உறையில் மாட்டுங்கள். கட்டைவிரலால் பாதுகாப்புக் கொக்கியை இழுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வரும்வரை பழகுங்கள். கரடி எட்டொன்பது மீட்டர் வரும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே, முன்னால் ஒரு மேகம் எழும்படி அடியுங்கள். காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வீசினால் பாதி உங்களுக்கே திரும்பும் என்பதையும் மறக்காதீர்கள்.

நார்வேயின் வடதுருவத் தீவுகளான ஸ்வால்பார்டில் துப்பாக்கி கட்டாயமாமே? (இந்திராநகர்)

அங்கே இருப்பது பனிக்கரடி, மனிதனை இரையாகவே பார்க்கக் கூடியது. ஊர் எல்லையைத் தாண்டினால் அதை விரட்டத் தகுந்த சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் வைத்திருக்கும்படி ஆளுநர் அலுவலகம் பரிந்துரைக்கிறது. வாடகைக்கு எடுக்க அந்த அலுவலகத்தின் அனுமதி தேவை. முதன்முறை போகிறவர் ஆயுதம் தாங்கிய வழிகாட்டியோடு போவதே முறை.

கனகபுரா அருகே எங்கள் தோட்டத்தில் பலா பழுத்தால் கரடி வருகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிச் சுட்டு விரட்டலாமா? (ஜெயநகர்)

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த உரிமம் கரடியைச் சுடும் உரிமை அல்ல. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட கரடியைப் பிடிக்கவோ கொல்லவோ உத்தரவிடும் அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. இருட்டில் சுட்டுக் காயப்படுத்திய கரடியோடு மறுநாள் காலை உங்கள் தோட்டத்தில் வேலைக்கு வரும் பெண்கள்தான் மோத வேண்டியிருக்கும். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

பலாவைப் பழுக்க விடாமல் முற்றியதுமே இறக்குங்கள். விழுந்த பழங்களை அன்றாடம் அகற்றுங்கள். இரவில் பம்ப் போடப் போகிறவர் தனியாகப் போகாமல், நல்ல டார்ச்சோடு, தகரத்தைத் தட்டிக்கொண்டு போகட்டும். மின்கம்பத்திலிருந்து வேலிக்கு நேராகக் கரண்ட் இழுக்காதீர்கள். அது மனிதரையும் கொல்லும்.

உரிமம் தேவைப்படாத ஏர் ரைஃபிள் போதுமா? (சிவாஜிநகர்)

போதாது. 4.5 மி.மீ. ஈயக்குண்டு கரடியின் அடர்ந்த முடியைத் தாண்டிச் சுள்ளென்று ஒரு வலி கொடுக்கும், கோபத்தைக் கிளப்பும்.

தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். (பிரேசர் டவுன்)

கரடியை அப்புறம் பார்க்கலாம். இன்றே அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம்.

நம் ஊர்க் கரடி மேலே விழுந்தேவிட்டால்? (பன்னேர்கட்டா சாலை)

ஓடாதீர்கள், மரம் ஏறாதீர்கள். இரண்டிலும் அது உங்களை மிஞ்சும். குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு அழுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கரடி முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். முதுகுப்பையைக் கழற்றாதீர்கள், அது கவசம். பெரும்பாலும் சில நொடிகளில் விட்டுவிட்டுப் போய்விடும். அது போய்விட்டது உறுதியான பின் எழுங்கள். ரத்தம் பெருகினால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். மற்றக் காயங்களைச் சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மருத்துவமனையில் தையலோடு நின்றுவிடாமல், வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசியையும் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.